தூங்கவைப்பவரிடம் பேசு

அன்புள்ள தங்கைக்கு,

குழந்தைகளுக்கான பல் மருத்துவத்தைத் தேர்ந்திருக்கிறாய், மகிழ்ச்சி. சொத்தையை அடைக்கக் கல்லூரியில் கற்றுவிட்டாய். அது வராமல் காக்க வேண்டுமானால், பிள்ளையைத் தினமும் தூங்கவைப்பவரிடம் பேசு. அம்மா இரவு வேலைக்குப் போகும் வீட்டில் அவர் பாட்டியாகவோ தாத்தாவாகவோ இருப்பார். "ராத்திரி யார் தூங்கவைப்பாங்க?" என்பதே உன் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

பல் தேய்க்காமல் காலையில் காபிகூடக் கொடுக்காத வீடுகள் நம்முடையவை. இரவில்தான் விட்டுப்போகிறது. தூக்கத்தில் உமிழ்நீர் குறையும். வாயில் உண்டாகும் அமிலத்தைத் தணிக்க அது போதாது. அப்போது பால் புட்டியும் வாயிலேயே இருந்தால், மேல் முன்பற்கள் முதலில் கெடும். கீழ் முன்பற்களை நாக்கு மறைத்துக் காக்கும். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லிவிடாதே. அழுத பிள்ளையை அமர்த்தத்தான் அவர் புட்டியைக் கொடுத்தார். கடைசிப் பால் குடித்ததும் பல் தேய்ப்பு, அதன்பின் தண்ணீர் மட்டும் என்று வழியைச் சொல்.

சொன்னதைச் செய்தும் காட்டு. பிள்ளையை மடியில் சாய்த்து, மேலுதட்டைத் தூக்கி, ஈறோரம் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று அவரையே பார்க்கச் சொல். குழி விழுமுன் கண்டுகொண்டால் பல்லை மீட்கலாம். ஃபுளோரைடு பற்பசை 3 வயதுவரை ஓர் அரிசியளவு, 6 வயதுவரை ஒரு பட்டாணியளவு போதும். உன் கையாலேயே பிதுக்கிக் காட்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பணியாற்ற நேர்ந்தால், முதலில் அந்த வீட்டார் குடிக்கும் தண்ணீரைப் பற்றி விசாரி. அங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகம்.

"விழப்போற பால் பல்தானே!" என்பார்கள். பால் கடைவாய்ப்பற்கள் 10, 12 வயதுவரை இருந்து, அடுத்து வரும் பல்லுக்கு இடம் காக்க வேண்டியவை. 6 வயதுவாக்கில், எந்தப் பல்லும் விழாமலே, அவற்றுக்குப் பின்னால் நிலையான கடைவாய்ப்பல் முளைக்கும். அதையும் பால் பல் என்றெண்ணி விட்டுவிடுபவர்கள் பலர். விரலால் தொட்டுக் காட்டு.

பிள்ளை தானே தேய்க்க ஆசைப்பட்டால் தேய்க்கட்டும். 7, 8 வயதுவரை பெரியவர் கை ஒருமுறை தேய்த்து முடிக்க வேண்டும். "தேய்க்கலேன்னா டாக்டர் ஊசி போடுவார்" என்று உன்னையே பூச்சாண்டியாக்குவார்கள், அன்போடு தடுத்துவிடு. பயந்து தேய்க்கும் பிள்ளை, பயம் போனதும் நிறுத்திவிடும்.

அடுத்த முறை வரும்போது, "தினமும் செஞ்சீங்களா?" என்று கேட்காதே; ஆம் என்றுதான் பதில் வரும். "எந்த ராத்திரி முடியாம போச்சு?" என்று கேள். ஊருக்குப் போன இரவு, காய்ச்சல் கண்ட இரவு, பிள்ளை சீக்கிரமே தூங்கிவிட்ட இரவு என்று உண்மை வெளிவரும். அதற்கு வழி சொல்வதுதான் உன் வேலை.

அன்புடன்,
உன் அக்கா