நீலப் பூங்கல்

விலையுயர்ந்த கல் என்றதும் வைரமும் நீலமணியும் நினைவிற்கு வரும். அவை கடினமானவை, பட்டை தீட்டுந்தோறும் ஒளி மிகுவன. ஆயின், பட்டை தீட்டுதலைத் தாங்காத மென்மையுடைய கனிமம் ஒன்றும் உலகெங்கும் விரும்பி வாங்கப்படுகின்றது. கவன்சைட்டு என்பது அதன் பெயர்.

1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இது கண்டறியப்பட்டது. கால்சியம், வெனேடியம், சிலிக்கேட்டு என்னும் மூன்று சொற்களின் முதலெழுத்துக்களைக் கொண்டு 1973ஆம் ஆண்டில் பெயரிடப்பட்டது. பின்னர், புனே நகரை அடுத்த வாகோலிக் கல்லுடைப்புக் களங்களில் இதன் சிறந்த படிகங்கள் கிடைத்தன. பண்டைக் காலத்து எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பாறை அங்குள்ளது. குழம்பில் அடைபட்ட காற்றுக் குமிழிகள் குழிகளாக எஞ்சின. அவற்றுள் ஊறிய வெந்நீர் முதலில் வெண்ணிறப் படிகங்களையும், அவற்றின்மேல் நீல ஊசிகள் திரண்ட பூப்பந்துகளையும் படியச் செய்தது. சாலைக்கும் வீட்டிற்கும் ஜல்லி உடைக்குமிடத்தில், அவ்வழகைக் கண்டு சம்மட்டியை நிறுத்திய கைகளே அவற்றைக் காப்பாற்றின.

இக்கல்லை அறிவது எங்ஙனம்? நிறம் மட்டும் சான்றாகாது. மயில்துத்தக் கரைசலில் நீலப் படிகங்களைச் சில நாட்களில் வளர்த்துவிடலாம். அவை நீரில் கரையும், கவன்சைட்டு கரையாது. 1812ஆம் ஆண்டில் மோசு என்னும் அறிஞர் வகுத்த கடின வரிசையில் வைரம் 10. கவன்சைட்டோ 3 முதல் 4 வரை. நகம் இதனைக் கீறாது. கத்தி முனை கீறும். ஆயினும், நல்ல படிகத்தின்மேல் கத்தியை வைப்பவன் உண்மையை அறியும்பொழுதே பொருளை இழப்பான். ஆகவே, உதிர்ந்த துகளிலேயே சோதனை செய்தல் வேண்டும். முழுக் கல்லை உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்குதலே முறை.

மதிப்பிடுவோர் நிறத்தின் ஆழம், பந்தின் பருமை, வெண்படிகத்தின்மேல் அஃது அமைந்த அழகு ஆகியவற்றைக் காண்பர். ஊசி முனைகள் ஒடிந்துள்ளனவா, பசையிட்டு ஒட்டப்பட்டுள்ளனவா என்றும் ஆராய்வர். எடுக்கப்பட்ட ஊரின் பெயரைக் கேட்பர். அக்குறிப்புத் தொலைந்தால் ஆராய்ச்சிக்குரிய பயன் குறையும், விலையும் குன்றும்.

வைரத்தின் மதிப்பை அதன் வன்மை காக்கின்றது. இம்மென்கல்லின் மதிப்பைக் காப்பது, அதனை எடுப்போரின் பொறுமையும் வைத்திருப்போரின் கவனமுமேயாம்.