பேரப்பிள்ளையின் காதுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா?

சில குழந்தைகளுக்குக் காது மடல்கள் பிறவியிலேயே வெளிப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும். மடலின் மடிப்பு சரியாக உருவாகாததே பெரும்பாலும் காரணம். இது தாயின் கவனக்குறைவால் வருவதன்று. கேட்கும் திறனையும் பாதிக்காது.

பச்சிளங்குழந்தைக்கு

பிறந்த முதல் சில வாரங்களில் குருத்தெலும்பு மென்மையாக இருக்கும். அப்போது சிறு அச்சுப் பொருத்தி, அறுவை சிகிச்சையின்றியே மடலைச் சீராக்க முடியும். ஆகவே, "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்காமல் விரைவில் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் பிளாஸ்திரி ஒட்டவோ துணியால் இறுகக் கட்டவோ வேண்டாம், தோல் புண்ணாகலாம்.

வளர்ந்த பிள்ளைக்கு

பொதுவாக 5 வயதுக்குப் பிறகு அறுவை சிகிச்சை செய்யலாம். காதின் பின்புறம் வெட்டி, குருத்தெலும்பைத் தையலிட்டு மடக்குவர். தழும்பு அங்கேயே மறைந்திருக்கும்.

இது கட்டாயமன்று. பிள்ளை கேலியால் வருந்துகிறதா, சிகிச்சையைத் தானே விரும்புகிறதா என்று முதலில் கேளுங்கள். செல்லமாகக்கூட "யானைக்காது" என்று அழைக்காதீர்கள்.

சிகிச்சைக்குப் பின்

• காதுக்கட்டை நீங்களாக அவிழ்க்காதீர்கள்.
• மருத்துவர் சொல்லும் வாரங்கள்வரை இரவில் தலைப்பட்டை அணிவியுங்கள்.
• ஒரு காதில் மட்டும் வலி கூடினாலோ, இரத்தம் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மேலும் அறிய, உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ அணுகுங்கள்.