நீதிக்கு வேண்டியது கேட்கும் உள்ளம்

சாலமோன் அரசரின் தீர்ப்பை மறைக்கல்வி வகுப்பில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். ஒரு குழந்தைக்கு இரு பெண்கள் உரிமை கொண்டாடினர். அரசர் அவர்களுடைய முகத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை. பிள்ளை தன்னிடம் வராவிட்டாலும் உயிர் பிழைத்தால் போதும் எனக் கதறியவளின் சொல்லைக் கேட்டே உண்மைத் தாயைக் கண்டார்.

அப்படியானால், கண்பார்வையற்ற ஒருவர் நீதிபதியாக முடியாதா?

முடியாது என்றே மத்தியப் பிரதேச மாநில விதி கூறிற்று. அங்கே பார்வையற்றோர் நீதிபதிப் பணிக்கான தேர்வில் இடம்பெற இயலாதிருந்தது. பார்வையற்ற ஒருவரின் தாய் இதுபற்றி இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். 2024-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அக்கடிதத்தையே வழக்காக ஏற்றது. 2025 மார்ச் 3-ஆம் நாள் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும் அந்தத் தடையை நீக்கினர். உடற்குறை ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டி எவரையும் நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கலாகாது என்பது அவர்கள் தீர்ப்பு.

நம் தமிழ்நாட்டிலும் இப்படியொரு தடை இருந்தது. 2014-ஆம் ஆண்டு உரிமையியல் நீதிபதி தேர்வில், பார்வைக் குறைபாட்டுக்கான இடங்களுக்கு 40 முதல் 50 சதவீதக் குறைபாடு உடையோரே தகுதி பெற்றனர். 70 சதவீதக் குறைபாடுடைய வழக்கறிஞர் ஒருவர் வழக்காடினார். 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஆயினும் 2021-இல் அதே நீதிமன்றம், அத்தீர்ப்பை இனி முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டியதில்லை என்றது.

ஆவணங்களை எப்படி வாசிப்பார் என்று சிலர் கேட்கலாம். பிரெயில் எழுத்து உண்டு. உரக்க வாசித்துக் காட்டும் கணிப்பொறியும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினரான சாக் யாக்கூப், 16 மாதக் குழந்தையாயிருக்கையில் மூளைக்காய்ச்சலால் பார்வையிழந்தவர். 1998 முதல் 2013 வரை அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்ற நீதிபதியாக விளங்கினார். வீடற்ற 900 ஏழைகளின் வழக்கில், கதியற்றோரை மறந்த அரசின் வீட்டுத் திட்டம் அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என 2000-இல் தீர்ப்பெழுதியவர் அவரே.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. அக்கதவுவரை நடந்து செல்லப் படிப்பு வேண்டும், துணை வேண்டும். நம் வகுப்பில் பார்வையற்ற தோழி ஒருத்தி சேர்ந்தால், "பாவம்" என்று சொல்லி ஒதுங்காமல், பாடத்தை அவளுக்கு வாசித்துக் காட்டுவோம். நாளை அவள் நம் வழக்கைக் கேட்கும் நீதிபதியாக அமரலாமன்றோ!