ஆயிரம் ரூபாய் ஃபைன்

2024 தசராவின்போது குலசேகரன்பட்டினத்தில் எங்கள் வாசலை அடைத்து நின்ற வேன் யாருடையது என்பதில் தொடங்கிய சண்டை. பக்கத்து வீட்டு அண்ணாச்சியைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். வழிமறித்தது 126(2), அடித்தது 115(2) என்று பி.என்.எஸ். சட்டத்தில் வழக்கு. கோர்ட் வாசலில் ஏட்டு சொன்னார்: “தம்பி, ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வீட்டைப் பாத்துப் போ. இல்லன்னா வாய்தா வாய்தான்னு அலையணும்.” ஆயிரம் ரூபாய். மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிட்டேன். 1942 உப்பு இலாகா அதிகாரி லோன் துரை கொலை வழக்கில் இருவருக்குத் தூக்கு விதிக்கப்பட்ட கதையைப் பேசிப் பேசியே வளர்ந்த ஊர் இது. என் ஃபைனை யாரும் வழக்காகவே மதிக்கவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு வேலை விண்ணப்பம் கேட்டது: ‘குற்றவழக்கில் தண்டனை பெற்றதுண்டா?’ ஃபைனும் தண்டனைதான். மறைத்தால் அது தனி வினை.

தூத்துக்குடியில் பார்த்த வக்கீல் முதலில் கையை விரித்தார். ஒப்புக்கொண்டவர் அப்பீலில் தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரிதானா என்பதையும் மட்டுமே கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 375, இப்போது பி.என்.எஸ்.எஸ். 416. செஷன்ஸ் கோர்ட்டில் அதற்கும் 30 நாள்தான் கெடு. ஃபைன் குறைந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

“அங்க நீ என்ன சொன்னே? அப்படியே சொல்லு.”

“அவர்தான் முதல்ல கை வச்சாரு, நானும் தள்ளினேன் சார்.”

நிமிர்ந்து உட்கார்ந்தார். நகல் வாங்கிப் பார்த்தோம்: அச்சடித்த படிவத்தில் ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று ஒற்றை வரி. குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதைக் கூடுமானவரை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 275. மீறினால் தண்டனையே நிற்காது என்று மகந்த் கௌசல்யா தாஸ் எதிர் மதராஸ் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறுபதுகளிலேயே சொல்லிவிட்டது. ஆகவே அப்பீல் அல்ல, சீராய்வு மனு. அதன் 90 நாள் கெடுவும் தாண்டியிருந்ததால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு. நகலை அன்றைக்கே கேட்டிருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

தண்டனை ரத்தானது. உடனே விடுதலை என்று நினைத்துவிடாதீர்கள். வழக்கு பழைய கோர்ட்டுக்கே புது விசாரணைக்குத் திரும்பியது.

என் முட்டாள்தனம் அப்போதுதான் உறைத்தது. இந்த இரண்டு பிரிவுமே ராஜியாகக் கூடியவை. ராஜி பதிவானால் சட்டத்தில் விடுதலைக்குச் சமம். முதல் வாய்தாவுக்கு முன்பே அண்ணாச்சி வீட்டுப் படியேறியிருக்கலாம். ஒரு வருஷம் பேசாதிருந்த மனுஷர், கேட்டதும் கையெழுத்துப் போட்டார். வேன் விஷயத்தில் மட்டும் இறங்கி வரவில்லை.

“அது எங்க வேன் இல்லலே.”