சூளையும் பட்டறையும்

மதுரை மாநகரின் மேற்கே, தேனிக்குச் செல்லும் சாலையைப் புறவழிச்சாலை சந்திக்கும் இடத்திற்குக் காளவாசல் என்று பெயர். செங்கல்லோ சுண்ணாம்போ சுடும் சூளையைக் குறிக்கும் சொல் அது. நாள்தோறும் அவ்வழியே பேருந்தில் செல்லும் மாணவர் பலர், அப்பெயரில் ஒரு தொழில் உறைவதை எண்ணிப் பார்ப்பதில்லை.

சூளை வெறும் அடுப்பன்று. களிமண்ணில் கலந்துள்ள இரும்பு, தீயின் வெம்மையில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடுவதாலேயே செங்கல் சிவக்கிறது. காற்றுச் சரிவரப் புகாவிடின் கல்லின் நடுப்பகுதி கருத்துவிடும். வேதியியல் நூல் இதனை ஆக்சிகரணம் என்று கூறும். சூளை வைப்பவர் அச்சொல்லை அறியார். ஆயினும் காற்றை எப்பொழுது விடுவது, எப்பொழுது தடுப்பது என்பதை நன்கு அறிவார். மாணவனோ சொல்லை அறிவான், தீயை அறியான். இவ்விரண்டு அறிவையும் ஓரிடத்தில் கூட்டுவதே தொழிற்கல்வியின் வேலை.

அக்கூட்டு என்ன செய்யவல்லது என்பதற்கு மதுரையிலேயே ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம் ஏற்பட்டது. மதுரையில் பேருந்துத் தொழிலை வளர்த்த டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், அப்பொழுது கரிவாயுக் கலம் ஒன்றை உருவாக்கியது. கரியைத் தாராளமான காற்றில் எரித்தால் அது எரிந்து சாம்பலாகிவிடும். காற்றைக் குறைத்து எரித்தாலோ, கார்பன் மோனாக்சைடு என்னும் எரியக்கூடிய வாயு கிடைக்கும். அதனைக் குளிர்வித்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் செலுத்தினால் வண்டி ஓடும். செங்கல்லைக் கருக்கச் செய்யும் அதே காற்றுக்குறை, இங்கே சக்கரத்தைச் சுழற்றியது! அவ்வாயு கொடிய நஞ்சாதலின், நூலறிவு மட்டும் இதற்குப் போதாது. கசிவின்றி இணைப்புகளைப் பொருத்தும் கைத்திறனும் இன்றியமையாதது.

மதுரை மாணவர் பொறியியற் பட்டம் பெற விரும்பினால் நெடுங்காலம் கிண்டி முதலிய வெளியிடங்களுக்கே செல்ல வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டில், நூற்பாலைகள் பல நடத்திய கருமுத்து தியாகராசர், திருப்பரங்குன்றத்தில் பொறியியற் கல்லூரி ஒன்றை நிறுவினார். ஆலையில் ஈட்டிய பொருள், ஆலைகளுக்கு வேண்டிய அறிவை வளர்க்கச் சென்றது பொருத்தமே.

கல்லூரி அருகில் வந்தும், ஏழை வீட்டு மாணவனுக்கு அதன் வாயில் எளிதில் திறந்துவிடவில்லை. அரசுப் பள்ளிகளில் பயின்றோருக்குப் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம் 2021இல்தான் தமிழ்நாட்டில் வந்தது. அவர்தம் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. மறு ஆண்டில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயில்வோர் சோதனைகளைத் தாமே செய்து பார்க்குமாறு, கருவிகளைப் பள்ளிகளுக்கே கொண்டுசெல்லும் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. கடையில் வாங்கிய உருவமைப்பைக் கண்காட்சியில் வைத்துப் பரிசு பெறுவதினும், ஒரு சோதனையைத் தன் கையால் செய்து தவறுவது மாணவனுக்கு நூறு மடங்கு மேலாகும்.

எனினும், சட்டத்தால் நீங்காத தடை ஒன்று உண்டு. படித்தவன் கையில் மை படலாம், எண்ணெய்ப்பிசுக்குப் படலாகாது என்று எண்ணும் பெற்றோர் இன்றும் உளர். பட்டம் கிட்டாதவனே தொழிற்பயிற்சி நிலையத்திற்குச் செல்வான் என்பதும் அவர்கள் கருத்து. தொழிற்சாலைகள் இளைஞரைப் பயிற்சியாளராகச் சேர்த்து, உதவித்தொகையும் வழங்குவதற்கான சட்டம் 1961லேயே இயற்றப்பட்டது. அது மாற்றிய அளவுக்கு மக்கள் மனம் மாறவில்லை.

ஃபிட்டர் பயிற்சியில் சேரும் மாணவன் முதலில் கற்பவற்றுள் ஒன்று, இரும்புத் துண்டை அரத்தால் அராவிச் சமதளமாக்குவது. பார்ப்பதற்கு எளிய வேலை. கை சிறிது சாய்ந்தாலும் விளிம்புகள் தேய்ந்து நடுப்பகுதி மேடாகிவிடும். அராவிய முகத்தின்மீது மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்திற்கு நேரே பிடிப்பார்கள். இடையே ஒரு கீற்று ஒளி தெரிந்தாலும், மாணவன் அரத்தை மீண்டும் கையில் எடுக்கவேண்டும்.