பந்து போன பிறகும் ஓடியவர்

அன்புள்ள மருமகனுக்கு,

விங்கராக ஆடிக்கொண்டிருந்த உன்னைப் பயிற்சியாளர் ரைட் பேக்கில் நிறுத்திவிட்டாராம், இனிமேல் ஆடவே பிடிக்கவில்லையாம். உன் கடிதம் முழுக்க அதுதான். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. போஸ்னியாக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

பெயர் ஹசன் சாலிஹமிஜிச். 1977-இல் நெரெத்வா ஆற்றங்கரையில் உள்ள யாப்லானிட்சா என்ற சிற்றூரில் பிறந்தவர். பக்கத்து நகரமான மோஸ்டரில், வெலெஷ் கிளப்பின் சிறுவர் அணியில் ஆட்டம் பழகினார். 1992-இல் போர் மூண்டது. அப்போது அவருக்கு உன்னைவிட ஓரிரு வயதுதான் கூடுதல். ஊரைவிட்டு ஜெர்மனிக்குப் போய், ஹாம்பர்க்கில் உறவினர் வீட்டில் தங்கினார். சில ஆண்டுகளில் ஹாம்பர்க் கிளப்பின் முதல் அணியிலேயே இடம்பிடித்துவிட்டார்.

போர் முடிந்த மறு ஆண்டு, 1996 நவம்பர் 6 அன்று, சரயேவோவின் கோஷெவோ மைதானத்துக்கு இத்தாலி அணி ஆட வந்தது. போர்க்கால முற்றுகையிலிருந்து அந்த நகரம் மீண்டு ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஐந்தாவது நிமிடத்திலேயே கோல் அடித்தார் பத்தொன்பது வயது ஹசன். இத்தாலி சமன் செய்தது. சக வீரர் பொலிச் இன்னொன்று அடிக்க, 2-1. ஒரு தேசிய அணியாகப் போஸ்னியா பெற்ற முதல் வெற்றி அதுதான். இத்தாலியின் பயிற்சியாளர் அரிகோ சாக்கிக்கு அந்தப் பதவியில் அதுவே கடைசி ஆட்டம்.

1998-இல் பேயர்ன் மியூனிக் கிளப்புக்குப் போனார். இங்கேதான் நீ கூர்ந்து கேட்கவேண்டும். பெயர்பெற்ற விங்கர்களான ஃபிகோ, கிக்ஸ் போன்றவர் அல்ல சாலிஹமிஜிச். ஆளை ஏமாற்றித் தாண்டும் வித்தை அவர்களிடம் இருந்த அளவுக்கு இவரிடம் இல்லை என்பதே என் கருத்து. ஆனால் விங்கர் வேலையில் பாதியைத்தான் நாம் கைதட்டி ரசிக்கிறோம். பந்து நம்மிடம் இருந்தால் கோட்டை ஒட்டி நின்று மைதானத்தை அகலப்படுத்தவேண்டும். பந்து போன நொடியே உள்ளே ஒடுங்கி, நம் பேக்குக்கு முன்னால் வந்து நிற்கவேண்டும். இந்த இரண்டாம் பாதியைச் சலிக்காமல் செய்தவர் அவர். அதனால்தான் வலது, இடது, தேவைப்பட்டால் தற்காப்பு வரிசை என்று பயிற்சியாளர்கள் அவரை எங்கே வேண்டுமானாலும் இறக்கினார்கள். ஒன்பது பருவங்களில் ஆறு லீக் பட்டங்கள், நான்கு ஜெர்மன் கோப்பைகள்.

அடிகளும் வாங்கினார். 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் 1-0 என்று பேயர்ன் முன்னிலையில் இருந்தபோது, முடியும் தறுவாயில் பாஸ்லருக்குப் பதிலாக இறங்கினார். கூடுதல் நிமிடங்களில் மான்செஸ்டர் யுனைடெட் இரண்டு கோல் போட்டுக் கோப்பையைப் பறித்துக்கொண்டது. வேறொருவராக இருந்தால் பெரிய ஆட்டம் என்றாலே கால் நடுங்கியிருக்கும். 2001 மே மாதம், மிலானில் வலென்சியாவுக்கு எதிராக மறுபடியும் இறுதி ஆட்டம். 120 நிமிடம் முழுக்க ஆடினார். 1-1. பெனால்டி வரிசையில் பேயர்னின் முதல் ஆள் பாவ்லோ செர்ஜியோ பந்தைக் கம்பத்துக்கு மேலே அனுப்பிவிட்டார். அடுத்து வந்தவர் இவர். பந்து வலைக்குள் போனது. பிறகு கோல்கீப்பர் ஒலிவர் கான் மூன்று பெனால்டிகளைத் தடுக்க, கோப்பை பேயர்னுக்கு.

2007-இல் யுவென்டஸ் போனார். அடுத்த ஆண்டே மிலான் அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் இரண்டு கோல். வுல்ஃப்ஸ்பர்கில் ஒரு பருவம் ஆடிவிட்டு 2012-இல் ஓய்வு பெற்றார். பின்னாளில் பேயர்னின் நிர்வாகத்துக்கு வந்ததும், 2023-இல் அணி லீக் பட்டம் வென்ற அன்றே பதவி பறிபோனதும் வேறு கதை. கோட்டு சூட்டுக்காரர்களின் ஆட்டம் எனக்குப் புரிவதில்லை.

அந்த 2001 இறுதி ஆட்டத்தின் காணொளியைத் தேடிப் பார். ஆட்ட நேரத்தில் விழுந்த கோல்கள் இரண்டுமே பெனால்டிதான், அவற்றை விடு. பந்து எங்கே போனாலும் உன் கண் சாலிஹமிஜிச் மேலேயே இருக்கட்டும். பேயர்ன் பந்தைப் பறிகொடுக்கும்போதெல்லாம் அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார், எங்கே வந்து நிற்கிறார் என்று குறித்துக்கொள். அதைப் பார்த்த பிறகு, ரைட் பேக்காக ஒரு ஆட்டம் ஆடிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா