கார்ட்டூனில் வில்லன் இருக்கலாம், அடிதடி எதற்கு?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்புப் பணத்தை எண்ணி முடித்து, கடன் தவணையை எழுதிக்கொண்டு இருந்தோம். வெளித் திண்ணையில் ஒரு அக்காவின் ஐந்து வயது மகன் செல்போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டு இருந்தான். திடீரென்று அழுகைச் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், அவன் தங்கச்சியை ஓங்கிக் குத்தித் தள்ளியிருக்கிறான். படியில் விழுந்ததில் பாப்பாவுக்கு உதடு கிழிந்து ரத்தம்.

"ஏண்டா அடிச்சே?" என்று கேட்டதற்கு, "அவதான் வில்லன்" என்றான். அம்மாவுக்கு வந்த கோபத்தில் அவன் முதுகில் நாலு போட்டார். "இனிமே அடிப்பியா? அடிப்பியா?"

அதற்குப் பிறகு கூட்டத்தில் இதே பேச்சுதான். "இந்தக் கார்ட்டூனையே ஒழிக்கணும்" என்றார் ஒருவர். "வில்லன் இல்லாம ஏதுங்க கதை? ராமாயணத்துல ராவணன் இல்லையா?" என்றார் இன்னொருவர். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் இந்த மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

வில்லன் வேறு, அடிதடி வேறு

கதை என்றால் ஒரு சிக்கல் வேண்டும். அப்போதுதான் பிள்ளைகள் "அப்புறம்?" என்று கேட்பார்கள். ஆனால் சிக்கலை அடித்துத்தான் தீர்க்க வேண்டும் என்று இல்லை. பாட்டி வடை சுட்ட கதையில் நரி காக்காவை ஏமாற்றுகிறது. அதில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. புகழ்ச்சிக்கு மயங்கினால் கையில் இருப்பதும் போகும் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது.

2000-ல் அமெரிக்காவில் தொடங்கிய டோரா, தமிழில் சுட்டி டிவியில் வந்தது. அதிலும் திருட வரும் குள்ளநரி உண்டு. திருடக் கூடாது என்று சரியான நேரத்தில் மூன்று முறை சொன்னால் அது திரும்பிப் போய்விடும். பிள்ளைகளும் சேர்ந்து கத்துவார்கள். வில்லன் இருக்கிறான், அடி இல்லை.

வில்லனே இல்லாத படமும் உண்டு. ஜப்பானில் ஹயாவோ மியாசாகி 1988-ல் எடுத்த 'மை நெய்பர் டோட்டோரோ' அப்படிப்பட்டது. அம்மா உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில். அப்பாவோடு கிராமத்துக்கு வந்த இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவள் அம்மாவுக்குக் கொடுக்க ஒரு மக்காச்சோளக் கதிரை எடுத்துக்கொண்டு தனியாக நடந்து, வழி தெரியாமல் போகிறாள். ஊரே தேடுகிறது. பார்க்கிற நமக்கும் நெஞ்சு படபடக்கும். அந்தப் படத்தில் கெட்டவன் என்று ஒருத்தன்கூட இல்லை.

அடி எப்படிப் பிள்ளையிடம் வருகிறது?

டாம் அண்ட் ஜெர்ரி 1940-ல் தொடங்கியது. பூனை தலையில் சுத்தியல் விழும், தட்டையாகப் போகும். அடுத்த நிமிடமே எழுந்து ஓடும். நமக்கு அது சிரிப்பு. ஆனால் சின்னப் பிள்ளை, அடித்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொள்ளலாம்.

2008 முதல் வரும் சோட்டா பீம் நல்ல பிள்ளைதான். நண்பர்களுக்கு உதவுவான். ஆனால் லட்டு சாப்பிட்டதும் பலம் வந்து எதிராளியை அடித்துத் துவைப்பான். ஊரே பாராட்டும். இந்தப் பாராட்டைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியல் அறிஞர் 1960-களில் சில சோதனைகள் செய்தார். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றை ஒரு பெரியவர் அடிப்பதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். 1963-ல் வந்த ஆய்வில் சிலருக்கு நேரில் காட்டினார், சிலருக்குப் படமாக, சிலருக்குக் கார்ட்டூன் போலப் பூனை வேஷம் போட்டுக் காட்டினார். பார்த்த பிள்ளைகள், பார்க்காத பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு முரட்டுத்தனம் காட்டினார்கள்.

1965 ஆய்வு இன்னும் முக்கியம். அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாக அடித்தார்கள். ஆனால் "பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்றதும் எல்லாருமே செய்து காட்டினார்கள். அதாவது அடியை எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். பலன் உண்டு என்றதும் வெளியே எடுத்தார்கள்.

பொம்மையை அடிப்பதும் பிள்ளையை அடிப்பதும் ஒன்றில்லை. கார்ட்டூன் பார்க்கிற பிள்ளை எல்லாம் ரவுடி ஆகிவிடும் என்றும் இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்தச் சோதனையில் நேரில் அடித்துக் காட்டியவர் ஒரு பெரியவர். நம் வீட்டில் அந்தப் பெரியவர் யார்? "அடிக்காதே" என்று சொல்லிச் சொல்லியே அடிக்கிறோம். கார்ட்டூன் சொன்ன அதே பாடத்தை நாமும் சொல்லிக் கொடுக்கிறோம். நானும் என் பிள்ளையிடம் இந்தத் தப்பைச் செய்தவள்தான்.

என்ன செய்யலாம்?

1. ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். "அவனுக்கு வலிக்காதா? அடிக்காம வேற என்ன செஞ்சிருக்கலாம்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதில் உங்களையே அசத்தும்.

2. இரண்டு வயதுக்குள் செல்போன், டிவி வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது.

3. திடீரென்று பிடுங்கினால் பிள்ளை அடம் பிடிக்கும். "இந்தக் கதை முடிஞ்சதும் நிறுத்தணும்" என்று முதலிலேயே பேசி வையுங்கள்.

4. வில்லன் கருப்பாக, குண்டாகக் காட்டப்பட்டால், "நம்ம வீட்லயும் கருப்பா இருக்காங்க, அவங்க கெட்டவங்களா?" என்று கேளுங்கள்.

5. வாரம் ஒரு கதையாவது உங்கள் வாயால் சொல்லுங்கள். செல்போனை விட உங்கள் குரல் பிள்ளைக்குப் பிடிக்கும்.

அந்த அக்கா அடுத்த கூட்டத்தில் சொன்னார்: "அன்னைக்கு ராத்திரி பாப்பா உதட்டுக்கு அவனையே மருந்து போட வச்சேன் மேடம். 'வலிக்குதா'ன்னு அவனே கேட்டான், அழுதுட்டான்." நூறு அடி சொல்லாத பாடத்தை அந்த மருந்து சொல்லிவிட்டது.

உங்கள் குழுவில் பேசுங்கள்

உங்கள் பிள்ளை விரும்பிப் பார்க்கும் கார்ட்டூன் எது? அதில் சிக்கல் எப்படித் தீர்கிறது? இந்த மாதம் அடிக்காமல் தீர்த்த ஒரு சண்டையை அடுத்த கூட்டத்தில் சொல்ல முடியுமா?